தாய்மண்ணும் பழைய பாறையும்

மரக்கன்றை இடம் மாற்றி நடும் உழவர், அதன் வேரைப் பற்றியிருக்கும் தாய்மண்ணையும் சேர்த்தே பெயர்த்தெடுப்பர். மண் உதிர்ந்தால் கன்று வாடும். இவ்வுண்மை கடலுக்கும் பொருந்தும் என்பதைத் திருவல்லிக்கேணியிலிருந்து செங்கற்பட்டுக்கு எங்கள் குடும்பம் குடிபெயர்ந்தபோது உணர்ந்தேன்.

விலங்கியல் பயிலும் என் மகன் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பேணி வருகிறான். அதில் இரண்டு கோமாளி மீன்கள் உள்ளன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையத்தார் வளர்ப்புத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்ட மீனினம் அது. உயிர்ப்பவளம் எங்கள் தொட்டியில் இல்லை. பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டமையால், அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். ஆகவே சிமெண்டாலும் சுட்ட மண்ணாலும் செய்த பாறைகளையே அவன் அடுக்கியிருந்தான்.

வீடு மாறும் நாள் நெருங்கியது. மீன்களைப் பற்றியே நான் கவலையுற்றேன். மகனோ பாறைகளைப் பற்றிக் கவலையுற்றான். காரணம் கேட்டேன். மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. பாறைகளின் நுண்துளைகளில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பழைய பாறை உயிரோடு வந்து சேர்ந்தால் மீனும் பிழைக்கும். பாறை காய்ந்தால் தூய நீரும் நஞ்சாகும் என்றான்.

ஆதலின் பாறைகளைப் பழைய கடல்நீரிலேயே அமிழ்த்தி மூடிய வாளிகளில் வைத்தோம். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசவில்லை. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அடிமணலைக் கிளறினால் தேங்கிய நச்சு வெளிப்படும் என்பதால் அதனை விடுத்துப் புதுமணல் இட்டோம். மீன்களை, மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய பங்கு ஆக்சிஜனும் நிரம்பிய பைகளில் இட்டுத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கொண்டுவந்தோம்.

குறைந்த நீரை ஈடுசெய்யக் கோவளம் கடற்கரைக்குச் சென்றோம். தமீமுல் அன்சாரி தர்கா அமைந்த கரை அது. முட்டுக்காட்டு முகத்துவாரத்தின் நீர் கலவாத இடமாகப் பார்த்து முகந்தோம். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும்; எங்கள் தொட்டிக்கு அது 7 கிலோ. அன்று மாலையே மீன்கள் தம் பழைய பாறையிடுக்கில் நுழைந்துகொண்டன.

இதே பணியைக் கடலுக்குள்ளேயே செய்வோரும் தமிழகத்தில் உளர். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவில், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. அழிந்த இடங்களில், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிறு சிமெண்டுப் பலகைகளில் கட்டி நட்டு வருகின்றனர். பவளமும் தனித்து வாழ்வதில்லை. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவின் பெரும்பகுதியை ஊட்டுகிறது. 2010, 2016 ஆம் ஆண்டுகளில் நீர் வெப்பமுற்றபோது அப்பாசி நீங்கியதால் மன்னார்ப் பவளங்கள் வெளுத்தன. 2016இல் பல பவளங்கள் மடிந்தன. இடம் மாறாமல் இருந்தும், துணை நீங்கியதால் அவை அழிந்தன.

எங்கள் வீட்டிலும் ஓர் உயிர் வாடத் தொடங்கியிருந்தது. எழுபத்தெட்டு வயதான என் தாயாரின் கட்டிலும் தஸ்பீகும் வெற்றிலைப் பெட்டியும் பழுதின்றி வந்து சேர்ந்தன. ஆயினும் அவர் உணவைக் குறைத்தார், பேச்சையும் குறைத்தார். ஒருநாள் தொட்டியருகே அமர்ந்து, “மீனுக்கு அதனுடைய கல்லைக் கொண்டுவந்துவிட்டீர்கள், வாப்பா. என் கல் திருவல்லிக்கேணியிலேயே கிடக்கிறது” என்றார்.

அஸருக்குப் பின் வாசலில் கூடும் பெண்கள், விலை பேசியபடியே நலம் விசாரிக்கும் பூக்காரி, நாற்பதாண்டுகளாகச் செவிக்குப் பழகிய பாங்கோசை ஆகியவற்றை எந்த வாளியில் முகந்து வருவது? விடை அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அவ்வீட்டு அம்மையார் கோலமிட்டு எழுந்ததும் எங்கள் வாசலுக்கு வந்து, “பெரியம்மா, சாப்பிட்டீர்களா?” என்று நாள்தோறும் கேட்கலானார். பிறகு தெருப்பெண்கள் இருவரும் சேர்ந்தனர். இரண்டு மாதங்களில் என் தாயாரின் மாலைப்பொழுது மீண்டும் வாசலுக்குத் திரும்பியது.

அப்போதுதான் கோவளத்துத் தர்காவின் பெயர் என் நெஞ்சில் புதுப்பொருள் கொண்டது. அன்சார் என்றால் துணை நின்றோர் என்பது பொருள். 622ஆம் ஆண்டு மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்சாரிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன்பிறப்புகளாக இணைத்தார்கள். வந்தவர்க்கு வேண்டியது கூரை மட்டுமன்று, உறவும் என்பதை அவ்வேற்பாடு உலகுக்கு உணர்த்திற்று.

ஆண்டுதோறும் சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் பெட்டியோடு நம் கல்லூரி விடுதிக்கு வருகின்றனர். முதல் ஆறு வாரங்களே அவர்களுக்குக் கடினமானவை. சிலர் அதற்குள் படிப்பை விட்டே சென்றுவிடுகின்றனர். அவர்களின் பழைய பாறையை நம்மால் பெயர்த்துவர இயலாது. ஆயினும் மூத்த மாணவரும் ஆசிரியரும் அவர்தம் பெயரைச் சொல்லி அழைத்து, உண்டாயா என்று ஒரு சொல் கேட்டால், புதிய பாறையிலும் உயிர் பற்றும்.