வெள்ளிக் கிண்ணம்

பேய்ப் படம் பார்ப்பதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மற்றவர்கள் அலறுகிற இடத்தில் நான் சிரிப்பேன். விஞ்ஞானம் படிக்கிறவன் பேய்க்குப் பயப்படலாமா என்ற வீறாப்புத்தான். இதனால் விடுதியில் எனக்கு ஓரளவு நல்ல பெயரும் உண்டு. நள்ளிரவில் இத்தகைய படம் போடும்போதெல்லாம் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை இரவும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓர் அறை, ஒரு மடிக்கணினி, ஏழு பேர், இரண்டே கம்பளி. படத்தின் பெயர் ‘தி விட்ச்’. சூனியக்காரி என்று பொருள். அன்று நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று நண்பர்கள் கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லித் தப்பினேன். நம் மன்ற மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் மூன்று முறை வந்து கதவைத் தட்டிவிட்டதால், உண்மைக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ராபர்ட் எகர்ஸ் என்பவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. சுமார் 40 இலட்சம் டாலர் செலவில் எடுத்தார்கள்; ஹாலிவுட் கணக்கில் இது காலணாக் காசு. 2015 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, இயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்து, போட்ட பணத்தைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு ஈட்டியது. பகற் காட்சிகளுக்கு வானத்து வெளிச்சம், வீட்டுக்குள் இரவென்றால் மெழுகுவர்த்தி என்று பிடித்திருக்கிறார்கள். உரையாடலில் பெரும்பகுதி அக்காலத்து நாட்குறிப்புகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் எடுத்தது என்று முடிவில் எழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பழைய ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கீழே ஓடிய எழுத்தைப் படித்துத்தான் பிழைத்தோம்.

கதை நடப்பது 1630-களின் நியூ இங்கிலாந்தில். வில்லியம் என்ற குடியானவன் சமய விஷயத்தில் ஊராரோடு முரண்பட்டு, குடும்பத்தோடு ஊரைவிட்டு விலக்கப்படுகிறான். காட்டோரத்தில் ஒரு குடிசை, கொஞ்சம் சோளக்கொல்லை, சில ஆடுகள். மூத்த மகள் தாமஸின், கண்ணைப் பொத்தித் திறந்து, பொத்தித் திறந்து கைக்குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறாள். ஒரு முறை கண்ணைத் திறக்கும்போது குழந்தையைக் காணோம். அவ்வளவுதான். அதன் பின் அந்தக் குடும்பத்தில் எது தவறினாலும் எல்லாருடைய பார்வையும் அந்தப் பெண்ணின் மேல்தான் திரும்புகிறது.

காட்டிலே ஒரு சூனியக்காரி உண்மையாகவே இருக்கிறாள் என்பதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. இது பெருங்குறை என்று எங்கள் அறையில் ஒரு கட்சி. சூனியம் மெய்யென்றால், சூனியக்காரி என்று பெண்களைத் தூக்கிலிட்டவர்கள் செய்ததும் நியாயம் என்று ஆகிவிடாதா என்று கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் அவள் இருக்கத்தான் இருக்கிறாள்; ஆனால் வீட்டார் பிடித்தது அவளையல்லவே! கையெட்டும் தூரத்தில் இருந்த பெண்ணையல்லவா பிடித்தார்கள்?

என்னை உலுக்கிய காட்சியில் சூனியமும் இல்லை, இரத்தமும் இல்லை. தாய் கேத்தரினுடைய வெள்ளிக் கிண்ணம் ஒன்று காணாமற் போகிறது. அவள் மகளைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். உண்மையில் விலங்கு பிடிக்கும் பொறிகள் வாங்குவதற்காகத் தகப்பனே அதை இரகசியமாக விற்றிருக்கிறான். அதே கூரையின்கீழ் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான், வாய் திறக்கவில்லை. பக்திமான், உழைப்பாளி, மகளிடம் பாசமுள்ளவன். ஆயினும் வாய் திறக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகள் பின்னால் தாமஸின்தான் சூனியக்காரி என்று விரலை நீட்டும்போது, அந்தப் பழி வந்து உட்கார இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

படம் முடிந்ததும் நான் வழக்கம்போல் விஞ்ஞானத்துக்குள் ஒளிந்துகொண்டேன். என் துறை தாவரவியல். படத்தில் சோளக் கதிர் நோய் கண்டு கறுத்துக் கிடப்பதைப் பார்த்தோமே, அது எர்காட் என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம், அது கலந்த தானியத்தைத் தின்றால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரும் என்று நண்பர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். நம் கம்புப் பயிருக்கு வரும் தேன் ஒழுகல் நோய்கூட இந்தப் பூஞ்சைக்கு உறவுமுறையான ஒன்றால் வருவதுதான். 1692-இல் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளுக்கும் எர்காட்தான் காரணமாயிருக்கலாம் என்று லிண்டா கேபோரேல் என்ற அம்மையார் 1976-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அதே ஆண்டில் அதே இதழில் மறுப்பும் வந்தது. பூஞ்சை பெரும்பாலும் பற்றுவது ரை என்ற தானியத்தை. படத்தில் வருவதோ மக்காச்சோளம். இதையெல்லாம் அறிந்தும் சொற்பொழிவை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பூஞ்சையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

என் அறைத்தோழர் ஜார்க்கண்டுக்காரர். அதுவரை பேசாதிருந்தவர், “எங்கள் பக்கத்தில் பூஞ்சை வேண்டாம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போதும்” என்றார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. சூனியக்காரி என்று பெண்களைத் தூற்றித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் 1999-இல் சட்டம் செய்தது. ஜார்க்கண்ட் 2001-இல் அதை ஏற்றது. அஸ்ஸாம் சட்டமன்றம் இந்தப் படம் வந்த அதே 2015-இல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. தாமே அவ்வாறு தூற்றப்பட்டு, பின்னர் தம்மைப்போன்ற பெண்களைக் காக்கப் பாடுபட்ட ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி தேவிக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அவர் பெயரையே நான் அன்றிரவுதான் கேட்டேன்.

இனி என் கதை. எனக்கு ஏழு வயதானபோது எங்கள் வீட்டில் தங்கை ஒருத்தி பிறந்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. என்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவள். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம், ஒருநாள் அந்தி மயங்கும் நேரத்தில், எல்லாரும் வேலையாக இருந்தபோது நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்வந்தேன். கொக்குக் காட்டுவதற்காக. அன்றிரவே அதற்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். அந்தி வேளைக்கும் கொக்குக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லை என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

அப்பத்தா எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டாள்: “அன்னிக்குப் பொழுது சாய, பிள்ளையை வெளியே எடுத்துப் போனது யாரு?”

“அத்தை” என்றேன்.

எங்கள் வீட்டில் சூனியம் என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். பிள்ளையில்லாதவள் ஏக்கம் சும்மா விடுமா என்றார்கள். அவள் ராசி அப்படி என்றார்கள். அத்தை என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. நான்தான் எடுத்தேன் என்பது அவளுக்குத் தெரியுமா என்பதை இன்றுவரை நான் அறியேன். அந்த மாதமே ஒரு தகரப் பெட்டியோடு திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை. கண் மங்கிய பிறகும் அதே ஊரில்தான் இருக்கிறாள்.

சேலம் வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு கிழவர் மேல் கல்லை ஏற்றிக் கொன்றார்கள். பலர்மேல் குற்றஞ்சாட்டியவர்களுள் ஆன் பட்னம் என்ற 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. 1706-இல் அவள் மாதா கோயிலில் சபையார் முன்னிலையில் எழுந்து நிற்க, அவளுடைய மன்னிப்பைப் போதகர் படித்தார். சாத்தான் தன்னை ஏமாற்றிவிட்டதாக அதில் சொல்லியிருந்தாள். அந்த வாசகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குச் சாத்தான், எனக்கு எர்காட். ஆனாலும் எழுந்து நின்றாளே! அதற்கு அவளுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. எனக்கு இது பதினாறாம் ஆண்டு.

படத்தின் முடிவு எனக்கு உவப்பாக இல்லை. குடும்பம் முழுவதும் அழிந்தபின் தாமஸின் காட்டுக்குள் போய்ச் சூனியக்காரிகளோடு சேர்ந்து அந்தரத்தில் எழும்புகிறாள், சிரிக்கிறாள். நண்பர்கள் அதை விடுதலை என்று கைதட்டினார்கள். பழி சுமந்தவர்கள் எல்லாரும் அப்படிப் பறந்துபோக முடிவதில்லை. சிலர் பிசிர் வெட்டப் போகிறார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வார்த்தைகளையெல்லாம் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அத்தைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “கண்ணு, சாப்பிட்டியா? அங்கே குளிரு ஜாஸ்தியாமே, காதை மூடிக்கிட்டுத் தூங்கு” என்றாள். நான் சரி என்றேன். வேறென்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். காகிதம் இன்னும் பாடப்புத்தகத்துக்குள் இருக்கிறது. விடுமுறைக்கு ஈரோடு வரை டிக்கெட் எடுத்திருந்தேன்; சென்ற வாரம் அதைத் திருப்பூர் வரை நீட்டிக்கொண்டேன்.