அப்பாவின் ஈரான் நோட்டு



எங்க ஊரில் பல வீட்டு ஆண்கள் ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர்கள். எங்க அப்பாவும் அப்படித்தான். 2020-இல் கொரோனா வந்தபோது அங்கே மாட்டிக்கொண்ட 687 பேரை நம் கடற்படைக் கப்பல் ஜலஷ்வா, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கூட்டி வந்தது. அதில் அப்பாவும் வந்தார். பிறகு கடனை அடைக்கத் திரும்பவும் போனார்.

அப்பா ஒரு நோட்டில் பாரசீகச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மீன், வலை, சம்பளம் எல்லாம் இருக்கு. நோய் நொடிக்கு ஒரு வார்த்தைகூட இல்லை!

போன வருஷம் படகில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. கரைக்குக் கொண்டுபோனார்கள். இந்திப் பாட்டில் 'தில்' என்றால் இதயம்தானே என்று, டாக்டரிடம் "தெல் தர்த்" என்றார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தாராம். பாரசீகத்தில் தெல் என்பது பாட்டில் இதயம், ஆஸ்பத்திரியில் வயிறு! இதயத்துக்கு 'கல்ப்' என்று சொல்லணும். கூடப் போனவர் நெஞ்சைத் தட்டிக் காட்டிய பிறகுதான் இ.சி.ஜி. எடுத்தார்கள். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அங்கே பல வருஷம் இருந்த ஒரு மாமாவிடம் கேட்டு நான் புதுப் பக்கம் எழுதினேன். பெஸெஷ்க் என்றால் மருத்துவர். தந்தான் என்றால் பல் (நம்ம தந்தம் மாதிரி). அதனால் பல் டாக்டர் தந்தான்பெஸெஷ்க். கண் டாக்டர் செஷ்ம்பெஸெஷ்க். பீமார் நோயாளி, பீமாரெஸ்தான் ஆஸ்பத்திரி. இதய டாக்டர் 'மொதகஸ்ஸெஸெ கல்ப்'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வலியே நின்றுவிடும்!

முக்கியமானதைச் சிவப்பு மையில் எழுதினேன்: "இன்ஜா தர்த் மீகொனே." இங்கே வலிக்குது. தொட்டுக் காட்டிச் சொன்னால் போதும். எழுத்தில் அது 'மீகொனத்'. நமக்கு வலிக்குது, வலிக்கிறது என்று இருப்பது போல. அங்கே ஆம்புலன்சுக்கு 115. நமக்கு 108.

அப்பா மறுபடி போகணும் என்கிறார். அம்மா இன்னும் சரி சொல்லவில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி டாக்டர், அப்பா நோயாளி. நான் நோட்டைப் பிடித்துக்கொள்வேன். "மக்களே, பரீட்சை ஒனக்கா எனக்கா?" என்று அப்பா அலுத்துக்கொள்கிறார். ஆனால் கல்ப் மட்டும் கேட்ட உடனே சொல்லிவிடுகிறார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி