தராசில் ஏறிய படகு

படகிலேயே குடியிருக்கப் போகும் ஒரு பெண்மணி அந்தப் படகைத் தானே கட்டுகிறார், வந்து பார் என்று நண்பர் கூப்பிட்டதால் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போனேன். ஃபால்மத் அருகே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே 38 அடி நீளத்தில் இரண்டு ஒல்லியான படகு உடல்கள். வடிவமைப்பு ஜேம்ஸ் வார்ரமுடையது. 1950களில் 23½ அடி நீள இரட்டை உடல் படகை, அதாவது காட்டமரானை, தானே கட்டி, இரண்டு ஜெர்மானியப் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர். பிறகு இதே வட்டாரத்தில் டெவோரனில் இருந்துகொண்டு, சொந்தமாகப் படகு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் விற்றார். 2021இல் காலமானார்.

ப்ளைவுட்டுக்கு எபாக்ஸி பிசின் பூசும் முறையை அம்மையார் விரிவாகச் சொன்னார். பாதி புரியவில்லை; மீதி நெடியில் மண்டைக்குள் இறங்கவில்லை.

கயிறுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு உடல்களையும் சேர்க்கும் குறுக்குச் சட்டங்களுக்கு போல்ட் கிடையாது. சட்டத்துக்கு மேலும் உடலில் பதித்த கட்டைக்கு அடியிலுமாக பாலியஸ்டர் கயிற்றைப் பல சுற்று சுற்றினார். பிறகு அந்தச் சுற்றுகளின் நடுவை இறுக்கி நெரித்துக் கட்டினார். தட்டிப் பார்த்தேன், கிண்ணென்றிருந்தது. போல்ட் போட்டால் அலை முறுக்கும் முறுக்கெல்லாம் அந்த ஒரு துளையில் இறங்கி மரம் பிளக்கும். கயிறு கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். நம் கட்டுமரக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூலையில் ஒரு தராசு. அடுப்பு, போர்வை, புத்தகம் எதுவும் அதில் ஏறாமல் படகில் ஏறாது. ஒற்றை உடல் பாய்ப்படகு கவிழாமலிருக்க அடியில் ஈயமோ இரும்போ கனக்கும்; காட்டமரான் தன் அகலத்தாலேயே நிற்கும். ஆனால் ஒல்லி உடல், பாரம் ஏற ஏற அமிழ்ந்து வேகம் செத்துப்போகும். 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ. ஃப்ரிட்ஜ், அதற்கு பேட்டரி, பேட்டரிக்கு சோலார் தகடு என்று எடையைக் கூட்டிப் பார்த்து ஃப்ரிட்ஜையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

சமையல் ஒரு உடலில், படுக்கை மறு உடலில். நடுவே திறந்த பலகைத் தளம்; அலை ஏறினாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும்.

“மழை பெய்தால்?”

“நனைஞ்சுக்கிட்டே போய்ப் படுக்கணும்.”

படகுக் கண்காட்சியில் நடுவே கண்ணாடிக் கூடம் வைத்த காட்டமரான்கள் கிடைக்கும். செவிலியர் சம்பளத்தில் வாடகை கொடுத்தே வயதைக் கழித்த இவருக்கு அந்த விலை கட்டுமா?

துறை வாடகையைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகலத்தைக் காட்டி காட்டமரானுக்கு ஒன்றரை மடங்கு கேட்கும் மரினாக்கள் பல. கடல் வாழ்க்கையே சுதந்திரம் என்று விளம்பரம் செய்கிறவர்களும், அந்தச் சுதந்திரத்தைக் கட்டிவைக்க மீட்டர் கணக்கில் கறப்பவர்களும் ஒரே சந்தையில்தான் கடை விரித்திருக்கிறார்கள். எபாக்ஸி பட்டுக் கை வெந்தது இவருக்கு. ஒரு முளையை அடித்துவைத்தவனுக்கு மாதாமாதம் வரும்படி.

அவர் என்னைப்போல் கொதிக்கவில்லை. இந்தப் படகுக்கு இடுப்பளவுத் தண்ணீர் போதும். நீர் வற்றினால் சேற்றில் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மரினா பக்கமே போகாமல் கழிமுகச் சிற்றோடையில் நிறுத்தப்போகிறார். அங்கே வாடகை சொற்பம். குடிதண்ணீரைத்தான் கேனில் சுமக்க வேண்டும். அந்தக் கேனையும் எடை போட்டு வைத்திருக்கிறார்.