மாமியாரின் பூத்தையல்

அம்மா போட்ட கிராஸ் ஸ்டிச் மேசைவிரிப்பு ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மேட்டித் துணியில் கட்டம் கட்டமாக எண்ணிப் போட்ட ரோஜாக்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகத்தில் முட்டை ஒன்றின் படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டிருந்தார்கள். அது நகை என்றே முதலில் தெரியவில்லை. யாரோ அம்மாவின் விரிப்பை முட்டைமேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

1914 ஈஸ்டருக்கு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் தன் மனைவி அலெக்சாண்ட்ராவுக்குக் கொடுத்த பரிசு அது. ஃபபெர்ஜே நிறுவனம் செய்த மொசைக் முட்டை. பிளாட்டினத்தில் அறுத்தெடுத்த வலை. அதன் கட்டங்களுக்குள் அளவாகச் சீவிப் பதித்த வைரம், மாணிக்கம், நீலம், புஷ்பராகம். உள்ளே, அவர்களுடைய ஐந்து பிள்ளைகளின் பக்கவாட்டு முகங்களை எனாமலில் தீட்டிய சிறு சட்டகம். நான்கு ஆண்டுகளில் அந்த ஐவரையும் பெற்றோரோடு சுட்டுக் கொன்றார்கள். முட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

அதை வடிவமைத்தவர் அல்மா பில். அப்போது வயது 25. தாய்மாமன் ஆல்பர்ட் ஹோல்ம்ஸ்ட்ரோமின் பட்டறையில் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய குமாஸ்தா வேலை: செய்து முடித்த நகைகளைப் புத்தகத்தில் வரைந்து, செலவைக் குறித்துவைப்பது. நகை வடிவமைப்பில் முறையான படிப்பு இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் தானாக வரைந்தவை மாமன் கண்ணில் பட்டன. பட்டறை ஜன்னலில் உறைந்த பனி, அவர் கையில் வைரப் பனிப்பூக்களானது. 1913இல் பேரரசரின் தாய்க்குப் போன குளிர்கால முட்டையும் அவருடையதே.

மொசைக் முட்டை பிறந்தது வீட்டில். மாமியார் கணப்பு அருகே உட்கார்ந்து பூத்தையல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்ததாம். மாமியார் கையில் ஊசி என்றால் நம்மூரில் வேறு அர்த்தம்! அவர் மாமியாரின் கையைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு தொழில்நுட்பம் இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

என் அம்மாவின் கையை நான் அப்படிப் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தாருக்கு அவர் போட்டுக் கொடுத்த தலையணை உறைகளும் விரிப்புகளும்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டின. ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார், தட்டச்சு செய்தவர்கூட இருக்கிறார். அம்மா இல்லை. பெண்ணெழுத்து பற்றிய ஆய்வு அது.

புரட்சிக்குப் பின், 1921இல், அல்மா கணவரோடு பின்லாந்துக்குப் போனார். கூசன்கோஸ்கி என்ற ஊரில் இருபதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். தங்கள் டீச்சர் யார் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. சொல்ல அஞ்சினாரா, சொல்லத் தோன்றவில்லையா? எனக்கு இரண்டுமே நம்பக்கூடியதாக இருக்கிறது. 1976இல் இறந்தார். பட்டறையின் அந்த வரைபுத்தகங்கள் பின்னாளில் லண்டனில் வெளிப்பட்டன. குமாஸ்தா வேலைதான் சாட்சி சொன்னது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். என்ன ஏது என்று சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பூவின் கட்டங்களை விரலால் எண்ணினார்.

"ஒரு கட்டம்கூட விடாம நெரப்பியிருக்கா. யாருடி இவ?"

செய்தது பெண் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.