அந்த செல்ஃபியில எங்க அம்மா இருக்காங்க!

ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்கு டூர் போயிருக்கீங்களா? அப்படின்னா மரக்காணம் உங்களுக்குக் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். சென்னையிலேர்ந்து சுமார் 120 கிலோமீட்டர். பாத்தி பாத்தியா தண்ணி, நடுநடுவே வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். 'மச்சான், நிறுத்துடா... செம லொகேஷன்!'னு வண்டியை ஓரங்கட்டி ஒரு செல்ஃபி எடுத்திருப்பீங்க.

எங்க காலேஜ் பஸ்ஸும் அப்படித்தான் நின்னுச்சு. செகண்ட் இயர் டூர். மொத்த கிளாஸும் இறங்கிடுச்சு. நான் மட்டும் 'தலைவலி மச்சி'ன்னு கடைசி சீட்டுல, முகத்துல கர்ச்சீஃபைப் போட்டுக்கிட்டுப் படுத்துட்டேன். ஏன் தெரியுமா? அந்த வரப்புல தலையில கூடையோட நடந்துக்கிட்டிருந்த பெண்கள்ல ஒருத்தங்க, எங்க அம்மா.

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறேன். வயசு 20. ஹாஸ்டல்ல நான் கொடுத்திருந்த பயோடேட்டா: 'அப்பா டிரைவர், அம்மா ஹவுஸ் ஒய்ஃப்'. முதல் பாதி உண்மை.

இதுல ஒரு காமெடி என்னன்னா, எங்க சிலபஸ்லயே உப்பளம் உண்டு! 'கிறிஸ்டலைசேஷன்' பாடம். கடல் தண்ணியோட அடர்த்தி போமே அளவுல மூணு, மூணரை டிகிரி. வெயில்ல வத்தி வத்தி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டா மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதனால மிச்சத் தண்ணியை வெளியேத்திடணும். உப்பு படிஞ்சபிறகு நிக்கிற அந்தத் தண்ணிக்குப் பேரு 'மதர் லிக்கர்'. சார் இதைச் சொன்னதும் கிளாஸே சிரிச்சுது. "உங்கள்ல யாராவது உப்பளத்தை நேர்ல பார்த்திருக்கீங்களா?"னு அவர் கேட்டார். டூர் போன பசங்க அத்தனை பேரும் கை தூக்கினாங்க. நான் தூக்கலை!

சரி, விஷயத்துக்கு வர்றேன். மாணவ நிருபரா சேர்ந்ததும் எனக்கு ஒரு அசைன்மென்ட் வந்தது. 'நாவல் எழுதுறவங்க எழுதுறதுக்குன்னே எங்கெங்கே போறாங்க? அதைப் பத்தி எழுது!' எனக்கு லட்டு தின்னக் கசக்குமா? நானும் ரகசியமா ஒரு நாவல் எழுதிக்கிட்டிருந்தேன் பாஸ். நாற்பது பக்கம் முடிச்சாச்சு. ஹீரோ ஊட்டி பங்களாவுல பியானோ வாசிப்பான். நான் ஊட்டியையும் பார்த்ததில்லை, பியானோவையும் தொட்டதில்லை.

தேட ஆரம்பிச்சேன். எழுத்தாளர்கள் ஊர், உறவு, ஆபீஸ் எல்லாத்தையும் விட்டுட்டு கொஞ்ச நாள் தங்கி எழுதுற இடத்துக்கு 'ரைட்டர்ஸ் ரிட்ரீட்'னு பேரு. நம்ம நாட்டுல 'சங்கம் ஹவுஸ்'னு ஒண்ணு 2008-ல ஆரம்பிச்சாங்க. வால்மீகி ராமாயணத்தை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த அர்ஷியா சத்தார் அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். ஆரம்ப காலத்துல அது நடந்த இடம் எதுன்னு பார்த்தா... ஆரோவில் பக்கத்துல இருக்கிற, வீணாபாணி சாவ்லா உருவாக்கின 'ஆதிசக்தி' நாடக வளாகம்! அப்புறம்தான் பெங்களூரு பக்கம் நிருத்யகிராமுக்கு மாறியிருக்கு. எங்க ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சா ஒரு மணி நேரத்துல அந்தப் பக்கம் போயிடலாம். ஈ.சி.ஆர் வழியா அங்கே போன எழுத்தாளர்கள் எல்லாரும் எங்க உப்பளத்தை ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் போயிருக்கணும்.

நமக்கு எப்படியும் சங்கம் ஹவுஸ் கிடைக்காது. ஆனா, மலை மேல ஒரு ரிசார்ட்டுல மூணு நாள் நாவல் பயிற்சி முகாம்னு ஒரு விளம்பரம் கண்ணுல பட்டது. கட்டணம் 5,000 ரூபாய். கட்டுரைக்கும் ஆச்சு, நாவலுக்கும் ஆச்சுன்னு 2025 பொங்கல் லீவுல பணம் கேட்க ஊருக்குப் போனேன்.

"ம்மா, ஒரு ரிட்ரீட்டுக்குப் போகணும்."

அம்மா முகத்துல அவ்வளவு சந்தோஷம். "தியானமா? எந்த ஃபாதர்டா பிரசங்கம்?"

எங்க குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். எங்க வீட்டுல ரிட்ரீட்னா கோவில்ல நடக்கிற மூணு நாள் தியானம் ஒண்ணுதான். இது கதை எழுதுறவங்களுக்கான தியானம்னு விளக்கிச் சொன்னேன். "கதை எழுத இன்னாத்துக்குடா மலைக்குப் போவணும்?"னு கேட்டுட்டு, உள்ளே போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலேர்ந்து ஒரு கவர் எடுத்துட்டு வந்தாங்க. மழை மாசங்கள்ல உப்பளத்துல வேலையே இருக்காது. அதுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரப்போறதா 2021-ல அரசு அறிவிச்சது. அந்தப் பணம்தான் கவர்ல இருந்தது. கச்சிதமா 5,000!

அந்த வருஷம் மழை சாதாரண மழையில்லை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சே... எங்க உப்பளம் மொத்தமும் தண்ணியில போச்சு. வரப்பு எது, பாத்தி எதுன்னே தெரியலை. கோவில்ல உப்பு சாரமிழக்கிறதைப் பத்திப் பிரசங்கம் வந்தா அம்மா எப்பவும் என் காதுல கிசுகிசுப்பாங்க: "உப்பு எங்கடா சாரமிழக்குது? மழை வந்தா கரைஞ்சே பூடும்."

கவரை வாங்க என் கை நீளலை. "நாளைக்குக் காலையில நானும் உன்கூட வரட்டுமா?"ன்னு கேட்டேன்.

பொழுது விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். ஜனவரியில உப்பு வாரமாட்டாங்க, பாத்தி மிதிப்பாங்க. களிமண் தரையைக் காலாலேயே மிதிச்சு மிதிச்சு சிமென்ட் மாதிரி இறுக்கணும். இல்லைன்னா உப்புத்தண்ணி பூமிக்குள்ள இறங்கிடும், உப்புலயும் சேறு ஏறும். நானும் மிதிச்சேன். அரை மணி நேரத்துல குதிகால் வெடிப்புல உப்பு இறங்கி... அந்த எரிச்சலை எப்படிச் சொல்றது? எனக்கு அது முதல் நாள். அம்மாவுக்கு 22-வது வருஷம்.

வரப்புல உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது, ரெண்டு வருஷமா தொண்டையில நின்னதைச் சொல்லிட்டேன். "ம்மா, அன்னிக்கு எங்க காலேஜ் பஸ் இங்கே நின்னுச்சு. நான் இறங்கலை."

"தெரியும்டா. பஸ்ஸுல காலேஜ் பேரு போட்டிருந்துச்சே... நீ இறங்குவேன்னு கூடையோட கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் மேஸ்திரி கூப்ட்டாரு, பூட்டேன்."

அவ்வளவுதான். ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. அந்தக் கஞ்சி எனக்கு இறங்கலை.

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும், ஒரு சீனியர் எப்பவோ கொடுத்திருந்த தடி புத்தகம் ஒண்ணைத் தூசி தட்டினேன். ஜோ டி குரூஸ் எழுதின 'ஆழி சூழ் உலகு'. 2004-ல வந்தது. ஜோ டி குரூஸ் உவரிங்கிற கடற்கரை ஊர்ல பிறந்தவர், கிறிஸ்தவர், கப்பல் சரக்குத் துறையில வேலை பார்த்தவர். கப்பலைப் பத்தியும் துறைமுகத்தைப் பத்தியும் எவ்வளவோ எழுதியிருக்கலாம். ஆனா முதல் நாவல்ல கட்டுமரத்துல கடலுக்குப் போற சொந்த சனங்களைத்தான் எழுதினார். 1933-லேர்ந்து 1985 வரைக்கும் மூணு தலைமுறை வாழ்க்கை, அவங்க பேசுற அதே பேச்சுல. அடுத்து எழுதின 'கொற்கை' நாவலுக்கு 2013-ல சாகித்ய அகாடமி விருது கிடைச்சது.

இன்னும் தேடினேன். ஹெப்சிபா ஜேசுதாசன், திருவனந்தபுரத்துல ஆங்கிலப் பேராசிரியர். 1964-ல வந்த அவங்க நாவல் 'புத்தம் வீடு', குமரி மாவட்டத்துல பனையேறிகளுக்கு நடுவுல நடக்குது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன்ல இல்லை! ராஜம் கிருஷ்ணன் கிறிஸ்தவரும் இல்லை, உப்பளத்துக்காரரும் இல்லை. ஆனா தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், தொழிலாளர்களை நேர்ல பார்த்துப் பேசி, 1979-ல 'கரிப்பு மணிகள்' எழுதினாங்க. அவங்க தேடிப் போன இடத்துல நான் பிறந்து வளர்ந்திருக்கேன். நான் தேடிப் போனது ஊட்டி பங்களாவை!

இதைவிடப் பழைய ஆள் ஒருத்தர் எங்க பக்கத்துலயே இருக்கார். பத்துப்பாட்டுல ஒண்ணான 'சிறுபாணாற்றுப்படை'யை எழுதின நத்தத்தனாருக்கு இடைக்கழிநாட்டு நல்லூர்னு ஊர் சொல்றாங்க. இடைக்கழிநாடு எங்களுக்கு வடக்கே அடுத்த ஸ்டாப் மாதிரி. பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு அது. அதுல வர்ற எயிற்பட்டினம் எங்க மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. உப்பு விக்கிற உமணர்களையும் அவர் விடலை. அவங்க வண்டியில கூடவே வந்த குரங்கு, அவங்க குழந்தைகளோட சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுற காட்சி அந்தப் பாட்டுல இருக்கு. ராஜாவைப் பாட வந்த புலவருக்கு உப்புக்காரங்க வீட்டுக் குழந்தை கண்ணுல பட்டிருக்கு. எனக்கு?

ஊட்டி ஹீரோவை அன்னிக்கே பியானோவோட குப்பைத் தொட்டிக்கு அனுப்பிட்டேன். எழுத்து முகாம் வேஸ்ட்டுன்னு நான் சொல்லவரலை. வீட்டுல எழுத இடமில்லாதவங்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம்னு எனக்கும் புரியுது. எனக்கு இடம் பிரச்னையில்லை, எழுத வேண்டியது எதுவோ அதுக்கு முன்னாடி கர்ச்சீஃபைப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். அதுதான் பிரச்னை.

ஏப்ரல்ல மறுபடியும் போனேன். அம்மா பாத்தித் தண்ணியை ரெண்டு விரலால தேய்ச்சுப் பார்த்துட்டு, "இன்னும் ரெண்டு வெயில்"னாங்க. லேப்லேர்ந்து கடன் வாங்கிட்டுப் போன ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். 24 டிகிரி! ரெண்டு நாள் கழிச்சு வாரின முதல் உப்புல ஒரு பாட்டில் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்தேன். ரூம்மேட்ஸ் மாங்காய்க்குத் தொட்டுக்கிட்டே அதைக் காலி பண்ணிட்டாங்க. யார் வாரின உப்புன்னு இதைப் படிக்கிறப்போதான் அவங்களுக்கே தெரியும். சாரி மச்சான்ஸ்!

நாவல்? புதுசா பதினோரு பக்கம் ஆகியிருக்கு. லீவுக்குப் போகும்போது அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.

நீங்களும் ஒரு வேலை பண்ணுங்க. போன டூர்ல மரக்காணத்துல எடுத்த செல்ஃபி உங்க போன்ல இருந்தா, கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. உங்க தோளுக்குப் பின்னாடி, தூரத்துல, தலையில கூடையோட யாராவது நிப்பாங்க. அது எங்க அம்மாவா இருந்தா எனக்கு அனுப்புங்க. வேலை பார்க்கிற இடத்துல அம்மாவை எடுத்த போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்லை.