தோற்க முடியாத பரீட்சை

2023 டிசம்பர் 20 அன்று ஜப்பானில் வெளிவந்த ஒரு விசாரணை அறிக்கையைப் பற்றி, தரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. பம்புசெட் ஆலையில் அதே வேலையில் வயதானவன் நான்.

சின்னக் கார்களுக்குப் பேர்போன டைஹாட்சு, டொயோட்டாவுக்கு முழுச் சொந்தமான கம்பெனி. அதன் பாதுகாப்புச் சோதனைகளில் 174 முறைகேடுகளை விசாரணைக் குழு கண்டுபிடித்தது. 64 மாடல்கள் சிக்கின. ஆகப் பழைய முறைகேடு 1989-ல் நடந்தது. வண்டி மோதும்போது ஏர்பேக் தானாக உணர்ந்து விரிய வேண்டும். சில சோதனைகளில் இவர்கள் டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள். கதவின் உள்பக்க லைனிங்கிலும் கைவைத்தார்கள். உடைந்தால் கூர்முனை வராதபடி கீறல் போட்டார்கள், அதுவும் சோதனைக்குப் போகும் வண்டியில் மட்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோதிப்பவருக்கென்று தனிச்சட்டியில் வடித்துக் கொடுத்தால் அது எந்தப் பானைக்குப் பதம்?

இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. மேலிடம் உத்தரவு போட்டு ஏமாற்றியதாக அதில் இல்லை. 2011-ல் மிரா ஈஸ் என்ற காரைக் குறைந்த காலத்தில் உருவாக்கி ஜெயித்தார்கள். அந்த வேகமே அடுத்தடுத்த வண்டிகளுக்கும் அளவுகோலானது. விற்பனைக்கு வரும் தேதி முதலிலேயே முடிவாகிவிடும். நடுவில் எந்த வேலை இழுத்தாலும், கடைசியில் நிற்கும் சோதனைக்காரன் தலையில்தான் விடியும். முதல் தடவையே பாஸாகியாக வேண்டும். தோற்க இடமில்லாத பரீட்சையில் எவனும் தோற்க மாட்டான், காகிதத்தில்.

இன்னொரு விஷயமும் உண்டு. அரசு மறுபடி சோதித்தபோது பெரும்பாலான வண்டிகள் தரத்துக்கு உட்பட்டே இருந்தன; 2024-ல் படிப்படியாக மீண்டும் விற்பனைக்கு விட்டார்கள். மூன்று மாடல்களுக்கு மட்டும் அனுமதி ரத்தானது. "அப்புறம் என்ன, வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வண்டி நன்றாக இருந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைக்கும் தாய்க்கு வண்டியை மோதிப் பார்க்க வழியில்லை என்பதால்தான் இன்னொருவர் கையெழுத்தை நம்புகிறாள்.

நம்மூருக்கு வருவோம். நீர்மூழ்கி பம்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். மேலே ஐஎஸ் 8034 என்ற தர எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். ஒவ்வொரு பம்பையும் அதிகாரி பார்த்து முத்திரை குத்துகிறார் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. உரிமம் வாங்கிய ஆலையே குத்திக்கொள்கிறது. அன்றாடச் சோதனையும் ஆலையின் ஆட்களே செய்வது. உரிமம் தரும் இந்தியத் தர அமைவனத்தின் அதிகாரிகள் அவ்வப்போது வருவார்கள், ஆலையிலும் கடையிலும் மாதிரி எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் டெஸ்ட் பெட் அருகே நிற்கும் இன்ஸ்பெக்டர்தான் காவல்.

அவருக்கு மாதக் கடைசி என்று ஒன்று வரும். லாரி வாசலில் நிற்கும். தண்ணீரை ஏற்றும் உயரம், அதாவது ஹெட், கொஞ்சம் குறைகிறது, ஆம்பியர் கூடுகிறது. "இந்த லாட்டை மட்டும் விட்ருங்க சார், பேப்பரை அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்பார் டெஸ்பாட்ச்காரர். அவரும் நல்லவர்தான், அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. அந்தப் பம்பு கடன் வாங்கிப் போர் போட்ட விவசாயியின் கிணற்றுக்குள் போய் மோட்டார் கருகினால், மேலே தூக்கிக் கழற்றும் கூலியும் அவர் தலையில், காயும் பயிரும் அவருடையது. வாரண்டியில் மோட்டார் திரும்பக் கிடைக்கும். போன தண்ணீர் கிடைக்காது.

புதிதாக ஓர் ஆலைக்குப் போனால் சுவரில் மாட்டிய சான்றிதழை நான் பார்க்க மாட்டேன். ரிஜெக்ஷன் பதிவேட்டைக் கேட்பேன். கழித்ததும் திருத்தியதும் கிறுக்கலான கையெழுத்தில் நிறைந்திருந்தால் நிம்மதி. மாசக்கணக்கில் ஒரு ரிஜெக்ஷன்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால் வயிற்றைக் கலக்கும்.

பிள்ளைகளே, இன்டர்வியூவில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: நான் நிறுத்திய லாட்டை என்னைக் கேட்காமல் விட யாருக்கு அதிகாரம்? உற்பத்தி மேனேஜருக்கு என்றால், அங்கே சேர்வதற்கு முன் ஒரு ராத்திரி யோசியுங்கள்.