ஈறும் உடல்நலமும்

பல் வலி வந்தால் அது வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். ஈறு நோய் அப்படியன்று. வாய் கொப்பளிக்கும் தண்ணீரில் கொஞ்சம் சிவப்புத் தெரியும். "பிரஷ் குத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவோம். வலிக்காத நோயை நாம் நோயாகவே எண்ணுவதில்லை.

ஆனால் நலமாயுள்ள ஈறு, பல் துலக்குவதால் இரத்தம் கசியாது. டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்து 1965-இல் வெளியிட்டார்கள். நல்ல ஈறுகளையுடைய 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். (தோழியரே, வீட்டில் இதைச் செய்து பார்க்க அனுமதி கேட்க வேண்டாம்!) 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் தொல்லை. அழுக்குப் படலம் இறுகிக் காறையாகிறது. 3 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டிய ஈற்றிடுக்கு ஆழமாகிக் கிருமிகள் குடியேறுகின்றன. பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது.

அக்காள் தங்கையரான நாங்கள் இருவரும் இவற்றை அறிந்துகொண்டது எங்கள் பாட்டியினால். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. மாத்திரை தவறுவதில்லை, காப்பியில் சர்க்கரை இல்லை, இரவில் கோதுமைக் கஞ்சிதான். அப்படியும் இரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. "அம்மா ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறார்கள்" என்று எங்கள் சித்தப்பா சொல்லிவிட்டார். பாட்டி பதில் பேசவில்லை. அன்றைய கஞ்சியைக்கூடக் குடிக்கவில்லை. அவர் காலிலிருந்த சிறு புண் ஆறாமலிருந்ததால் எங்களுக்கெல்லாம் பயம்.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "பாட்டியம்மா, வாயைக் கொஞ்சம் திறங்கள்" என்றார். ஈறுகளில் சீழ்! சர்க்கரை மிகுந்தால் ஈறுகள் நோயை எதிர்க்கும் ஆற்றலை இழக்கின்றன. வீங்கிய ஈறுகளிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்களோ இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன என்று விளக்கினார். நீரிழிவினால் கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றுக்கு வரும் கேடுகளோடு ஈறு நோயை ஆறாவதாகச் சேர்த்து 1993-இல் எழுதியவரும் அதே ஹரால்ட் லோதான்.

பல் டாக்டரிடம் போகப் பாட்டி எளிதில் இசையவில்லை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமாம். சுத்தம் செய்தால் பல்லெல்லாம் ஆடுமாம். கண் பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. ஆடும் பல்லைக் காறைதான் சிமெண்டு போலப் பிடித்துக் கொண்டிருக்கும். அதை எடுத்தபின் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வாய்தான் வலித்தது!

நான்கு தடவை போய் வந்தோம். இரண்டு பற்கள் போயின. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் சர்க்கரை சற்றுக் குறைந்திருந்தது. ஈறு சிகிச்சையால் அந்த அளவு ஏறக்குறைய 0.4 குறைவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மாத்திரையை நிறுத்த அது போதாது; புண்ணும் மருந்து போட்டுத்தான் ஆறியது.

மாரடைப்புக்கும் ஈறுதான் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்வது சரியன்று. இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குவதாக மெய்ப்பிக்கப்படவில்லை என அமெரிக்க இருதயச் சங்கம் 2012-இல் தெரிவித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நோய்க்கும் வாயே காரணமென்று நம்பி நல்ல பற்களையும் பிடுங்கிய கதை உண்டு. இருதய வால்வு பழுதுபட்டவர்கள் மட்டும், பல் சிகிச்சைக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வாய்க் கிருமிகள் இரத்தத்தின் வழியே அங்கே போய்த் தங்கக்கூடும்.

எங்கள் சித்தப்பாவுக்கு ஈறில் இரத்தமே வருவதில்லையாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் இரத்தம் குறைவாகவே கசியும் என்று பல் டாக்டர் சொன்னதைப் பாட்டி கேட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறார்.